மூக்குத்தி எந்தப் பக்கம்

பையை எடுங்கள் சார். அந்தப் பெட்டி மேல் வைக்காதீர்கள். மேலே பலகை காலியாகத்தானே கிடக்கிறது? அங்கே போடுங்கள். ஜன்னல் சீட்டு உங்களுடையதென்றால் தாராளமாகப் போய் உட்காருங்கள், எனக்கு ஜன்னல் வேண்டாம். ஆனால் பெட்டி நம் இரண்டு பேருக்கும் நடுவில்தான் இருக்கும். மதுரை வரைக்கும் இருக்கும். கீழே வைக்க மாட்டேன். கீழே ஈரம்.

முறுக்கு இல்லை. எழும்பூரில் ஏறினதிலிருந்து இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள், முறுக்கா, அதிரசமா என்று. ஸ்லைடு. கலர் ஸ்லைடு. பிலிம்.

நெகட்டிவ் வேறு, இது வேறு. நெகட்டிவ் ஆளைப் பேயாகக் காட்டும், பல் கருப்பாக, முடி வெள்ளையாக. இதில் பிலிமே படம். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் உள்ளது உள்ளபடி தெரியும். சிவகாசியில் காலண்டர் அடிக்கிற பிரஸ்காரன் இதைத்தான் கேட்பான். நான் அவர்களுக்கு எடுத்துக் கொடுத்தவன். அருவி, தாமரைக் குளம், பல் முளைக்காத குழந்தை, பிள்ளையார், முருகன், வேளாங்கண்ணி மாதா. உங்கள் வீட்டுச் சுவரில் நான் எடுத்தது ஒன்றாவது தொங்கியிருக்கும். என் பெயர் இருக்காது. பாத்திரக் கடைக்காரன் பெயர்தான் பெரிதாக இருக்கும்.

பால்வண்ணன் என் பெயர். சிவகாசியில் கேட்டுப் பாருங்கள். கேட்க வேண்டாம், நல்லதாக எவனும் சொல்ல மாட்டான்.

பேப்பரை மடியுங்கள். கேட்டீர்கள் இல்லையா, சொல்கிறேன்.

போன ஆவணியில் என் சம்சாரம் போய்விட்டாள். செண்பகவடிவு. வடிவு என்று கூப்பிடுவேன். வருகிற வெள்ளிக்கிழமை முதல் திதி. படம் வைத்து மாலை போட வேண்டும். படம் இல்லை. எத்தனையோ ஊர்க் குழந்தைகளைப் படம் எடுத்தவன் வீட்டில் பெண்டாட்டி படம் இல்லை என்று ஊர் சொல்கிறது. ஊருக்கு என்ன தெரியும்? இந்தப் பெட்டி முழுக்க அவள்தான்.

எப்படி என்றால், ஒவ்வொரு ரோலிலும் முதல் படம் அவள். பிரஸ்காரனுக்கு மனுஷத் தோல் ஒன்று வேண்டும், கலர் சரியா என்று பார்க்க. அருவியில் நீலம் கொஞ்சம் தூக்கினால் எவனுக்கும் தெரியாது. தோலில் தூக்கினால் தெரிந்துவிடும். அதனால் ரோலை மாட்டினதும் "வடிவு, வா" என்பேன். அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாசலில் நிற்பாள். ஒரு கிளிக். "போ" என்பேன். போய்விடுவாள். அதைக் கத்தரித்துப் பிரஸ்ஸுக்கு அனுப்புவேன், கலர் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புவார்கள், இதில் போட்டு வைப்பேன். வேறு எவன் தன் சம்சாரத்தை இத்தனை படம் எடுத்திருக்கிறான், சொல்லுங்கள்.

ஆனால் ஒன்றும் தேறாது. ஏன் தேறாது? அவள் லென்ஸைப் பார்க்க மாட்டாள். அதுதான் அவளிடம் எனக்குப் பெரிய சண்டை. "லென்ஸைப் பாருடி, லென்ஸைப் பாரு" என்று கத்துவேன். கேட்டதே இல்லை. பார்வை கேமராவுக்கு மேலே ஒரு ஜாண் தள்ளித்தான் போகும். பச்சைக் குழந்தை லென்ஸைப் பார்க்கும் சார், கிலுகிலுப்பையை ஆட்டினால். இவள் பார்க்க மாட்டாள்.

என் கேமரா வேறு மாதிரி. கண்ணில் வைத்துப் பார்க்கிறது இல்லை. நெஞ்சுக்குக் கீழே தொங்கும், மேலே ஒரு கண், கீழே ஒரு கண். மேல் மூடியைத் திறந்து குனிந்து பார்த்தால் உள்ளே ஒரு கண்ணாடித் தட்டு. அதில் எதிரே நிற்கிறது தெரியும். ஆனால் இடம் வலமாகத் தெரியும். நடந்து வலப்பக்கம் போகிறவன் அதில் இடப்பக்கம் போவான். புதிதாகப் பிடிக்கிறவன் தலை சுற்றி விழுவான். எனக்குச் சீக்கிரம் பழகிவிட்டது. அப்புறம் தலையை நிமிர்த்திப் பார்த்தால் ஊர்தான் தப்பாக இருக்கிற மாதிரி தோன்றும். குனிந்தே பார்ப்பேன். கல்யாணத்துக்குக்கூட அந்தக் கேமராவோடுதான் போனேன். என் கல்யாணத்துக்கு. பெண்ணை அழைத்து வந்தபோது மாப்பிள்ளை எங்கே என்று தேடினார்கள், நான் எதிரே குனிந்துகொண்டு நிற்கிறேன்.

சிரிக்காதீர்கள். நல்ல படம் அது. பிலிமில் பூஞ்சை விழுந்து போயிற்று.

ஒன்று மட்டும் தேறியிருக்கிறது. குற்றாலத்தில் எடுத்தது. சீசன், சாரல் விட்டு வெயில் சாய்கிற நேரம். பூங்கோதை, என் மகள், அப்போது அவள் வயிற்றில். அதனால் கூட வருகிறேன் என்று அடம்பிடித்து வந்தாள். சர்பத் கடைக்கு முன்னால் நிறுத்தினேன். தலையில் கனகாம்பரம். அந்த வெயில் இருக்கிறதே, மஞ்சளும் இல்லை, சிவப்பும் இல்லை. அருவி எடுக்கத்தான் போனேன். அருவி சுமார்தான். முதல் படம்தான் படம். அப்போதும் லென்ஸைப் பார்க்கவில்லை, அது வேறு விஷயம்.

அதை ஸ்கேன் செய்ய வேண்டும். பிலிமிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஏற்றி, அங்கிருந்து பெரிதாகப் பிரிண்ட். அவ்வளவுதான் வேலை. அதற்கு இத்தனை நாய் அலைச்சல்.

முதலில் எங்கள் ஊரிலேயே ஒருவன். ஸ்டுடியோ வைத்திருக்கிறான். "ஸ்லைடா? அதெல்லாம் எதுக்கு அண்ணாச்சி, ஆதார் கார்டு இருந்தா குடுங்க, பெரிசு பண்ணிரலாம்" என்றான். ஆதார் கார்டை! அதில் என் படத்தைப் பாருங்கள், போலீஸ் தேடுகிறவன் மாதிரி இருப்பேன். அவளை அதில் பார்த்து மாலை போட வேண்டுமாம். வேண்டாம்டா, இதைச் செய் என்றேன். செய்தான். எப்படிச் செய்தான்? செல்போனில் வெள்ளை வெளிச்சத்தை எரியவிட்டு அதன் மேல் பிலிமை வைத்து, இன்னொரு செல்போனால் படம் எடுத்தான். நான் பக்கத்திலேயே நிற்கிறேன். கூசாமல் எடுத்தான்.

பிரிண்ட் போட்டுக் கொடுத்தான். பார்க்கிறேன், எவளோ ஒருத்தி. வெள்ளைக்காரி மாதிரி. "என்னடா இது?" என்றேன்.

"கொஞ்சம் இருட்டா இருந்துச்சு அண்ணாச்சி. பிரைட்னஸ் ஏத்திட்டேன். ஆச்சி கொஞ்சம் கலராத் தெரியட்டுமேன்னு முகத்தையும் லேசா..."

"சாயந்திரம் எடுத்த படம்டா அது. சாயந்திரம் இருட்டாத்தான் இருக்கும். அவ கருப்பு. அவ கருப்பை வெளுக்க நீ யாருடா?"

"எல்லாரும் இப்ப அப்படித்தான் கேக்காங்க."

"எல்லாரும் செத்துட்டாங்களா?"

பல், கண், மூக்கு எல்லாம் மெழுகி விட்டிருந்தான். அவள் முகத்தில் அம்மைத் தழும்பு ஒன்று உண்டு, புருவத்துக்கு மேலே. அதைக் காணோம். மூக்குத்தியைக் காணோம். பிரிண்டைக் கிழித்து அவன் மேஜையிலேயே போட்டுவிட்டு வந்தேன்.

டீ வேண்டாம்பா. போ. எனக்கு வேண்டாம் என்றால் இவருக்கும் வேண்டாம், பெட்டி இருக்கிறது, கொட்டித் தொலைப்பாய்.

அடுத்தது மதுரையில் ஒரு கடை. பெரிய கடை, ஏசி எல்லாம் உண்டு. அங்கே உண்மையாகவே மெஷின் இருந்தது. கண்ணாடிப் பலகை மேல் பிலிமைப் படுக்க வைத்து மூடுகிற மெஷின். பிலிம் எப்போதும் கொஞ்சம் வளைந்திருக்கும். கண்ணாடியில் அங்கங்கே தொட்டும் தொடாமலும் இருந்தால் தண்ணீரில் எண்ணெய் விழுந்த மாதிரி வட்டம் வட்டமாக வரும், வானவில் கலரில். வந்தது. கன்னத்தில் வந்தது. மறுபடி போடு என்றேன். போட்டான். வட்டம் போயிற்று. பரவாயில்லை, கலர் கிட்டே வந்துவிட்டது என்று மூக்கைப் பார்த்தேன். மூக்குத்தி இல்லை. வெறும் மூக்கு.

"மூக்குத்தி எங்கேப்பா?"

அவன் பிலிமைப் பார்க்கிறான், திரையைப் பார்க்கிறான், மறுபடி பிலிமைப் பார்க்கிறான். "சார், ஆட்டோமேட்டிக் தூசி நீக்கம் போட்டிருக்கேன். சின்னதா வெள்ளையா பளிச்சுனு இருந்தா தூசின்னு நெனச்சு அதுவா எடுத்துரும்."

கேட்டுக்கொள்ளுங்கள் சார். தாலி கட்டின அன்றைக்கும் போட்டிருந்த மூக்குத்தி. ஒற்றைக் கல். அது தூசியாம். சுமங்கலியாகப் போனவள் மூக்கில் இருந்ததைத் தூசி என்று துடைத்துப் போட்டிருக்கிறது ஒரு மெஷின். அதைச் சொல்லிக்கொண்டு ஒருவன் நிற்கிறான்.

போட்ட கூச்சலில் செக்யூரிட்டி வந்துவிட்டான். நான் அடிக்கவில்லை. அடித்தேன் என்று அவர்கள் பூங்கோதைக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கிறார்கள். மேஜையைத்தான் தட்டினேன்.

கோபக்காரன்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என் கோபத்தில் நியாயம் இருக்கும். ஒன்று சொல்கிறேன், நீங்களே சொல்லுங்கள். ஒருமுறை ஒரு கோயில் பிள்ளையாரை எடுத்துக் கொடுத்தேன். இடம்புரிப் பிள்ளையார், தும்பிக்கை அவருக்கு இடப்பக்கம் வளைந்திருக்கும். பெரும்பாலான கோயிலில் அப்படித்தான். பிரஸ்ஸில் பிலிமைக் குப்புறப் போட்டுவிட்டான். காலண்டர் அடித்து வந்தது. பார்த்தால் தும்பிக்கை வலப்பக்கம். வலம்புரிப் பிள்ளையார் ஆகிவிட்டார்! நான் ஓடினேன். "முதலாளி, படம் திரும்பிப் போச்சு, நிறுத்துங்க" என்றேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "வலம்புரி கிடைக்கிறது அபூர்வம் அண்ணாச்சி. கடைக்காரர் பாத்துட்டு சந்தோஷப்பட்டாரு, இன்னும் வேணும்ங்கிறாரு."

"அது அந்தப் பிள்ளையார் இல்லை, முதலாளி."

"எந்தப் பிள்ளையாரா இருந்தா என்ன, பிள்ளையார்தானே?"

அன்றோடு அந்தப் பிரஸ் வாசலை மிதிக்கவில்லை. ஆள் என்றால் ஆள், அது எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம்தான். திருப்பிப் போட்டால் அது வேறு ஆள். இதில் ராசி என்ன, வியாபாரம் என்ன? வடிவு அந்தக் காலண்டரை வாங்கி அடுப்படியில் மாட்டி வருஷம் முழுக்கக் கும்பிட்டாள். "அது திருப்பிப் போட்ட பிள்ளையார்டி" என்றால், "நான் கும்பிடறது அவருக்குத் தெரியும்ல, போங்க" என்பாள். அவளுக்கு அதெல்லாம் ஒன்றும் கிடையாது.

மழை வருகிறது. கண்ணாடியை இறக்குங்கள். முழுசா. பிலிமுக்கு ஈரம் ஆகாது, பூஞ்சை பிடித்துவிடும். ம். போதும்.

எங்கே விட்டேன்? மதுரை. அதற்குப் பிறகு பூங்கோதை சொன்னாள், சென்னைக்கு வாங்கப்பா, இங்கே ஒருத்தங்க இருக்காங்க, சுத்தமா செய்வாங்க என்று. அவள் இருப்பது மடிப்பாக்கத்தில். போனேன். கோடம்பாக்கத்தில் ஒரு மாடி. ஹெப்சிபா என்று பெயர் அந்தப் பெண்ணுக்கு, நாற்பது வயது இருக்கும். கடை மாதிரியே இல்லை, இரண்டே அறை, இருட்டு. ஜன்னலுக்குக் கருப்புத் துணி. நான் போனதும், "செருப்பைக் கழட்டிட்டு வாங்க ஐயா, தூசி" என்றாள். அப்போதே கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

பிலிமை விரலால் தொடவில்லை. ஓரத்தைப் பிடித்தாள். துணியால் துடைக்கவில்லை, ரப்பர் குமிழால் காற்றை அடித்து ஊதினாள். அவள் மெஷினில் கண்ணாடியே கிடையாது, பிலிமின் ஓரத்தை மட்டும் கவ்விக்கொண்டு இழுத்துப் பிடிக்கிறது. நிழலுக்கு ஒரு தடவை, வெளிச்சத்துக்கு ஒரு தடவை என்று இரண்டு தடவை ஓட்டினாள். ஏன் என்று கேட்டேன், பரீட்சை வைக்கத்தான். "ஸ்லைடில கருப்புக்குள்ள நிறைய ஒளிஞ்சிருக்கும் ஐயா, ஒரே தடவைல எடுத்தா தலைமுடி எல்லாம் தார் பூசின மாதிரி ஆயிரும்" என்றாள். சரியான பதில்.

"தூசி?" என்றேன்.

"மெஷின்கிட்ட விட மாட்டேன். கையாலதான் எடுப்பேன், ஒண்ணொண்ணா."

"மூக்குத்தி இருக்கு. பார்த்து."

"பாத்துட்டேன் ஐயா."

பூங்கோதை பின்னால் நின்றுகொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போது மேஜையைத் தட்டுவேன் என்று.

படம் திரையில் வந்தது. கீழேயிருந்து மேலே கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. முந்தானை. கழுத்து. கழுத்தில் வியர்வை தெரிந்தது சார். முடி முடியாகத் தெரிந்தது. கனகாம்பரம், அந்தக் கலர், எந்த மெஷினிலும் வராத கலர், வந்தது. அம்மைத் தழும்பு வந்தது. சாயந்திரம் சாயந்திரமாகவே இருந்தது. மூக்குத்தியில் அந்த வெயில் ஒரு பொட்டு. பூங்கோதை "அம்மா" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை.

நானும் பார்த்தேன். எல்லாம் சரி. ஆனால் என்னவோ இடித்தது. கண், மூக்கு, வாய் எல்லாம் அவளுடையதுதான். ஆள் அவள் இல்லை. அவளுடைய சித்தி மகள் யாரோ மாதிரி இருந்தது. அப்புறம்தான் பிடிபட்டது.

"மூக்குத்தி தப்பான பக்கத்தில் இருக்கு" என்றேன்.

"என்னது ஐயா?"

"வலது மூக்கில இருக்கு. அவளுக்கு இடது மூக்கு. பிலிமைக் குப்புறப் போட்டுட்டே. எடுத்துத் திருப்பிப் போடு."

அவள் பிலிமை எடுத்து விளக்குப் பெட்டி மேல் வைத்துக் காட்டினாள். பிலிம் ஓரத்தில் எழுத்து இருக்கும், நம்பர் இருக்கும். நேராகப் படிக்க முடிந்தால் நேராக இருக்கிறது என்று அர்த்தம். நேராகத்தான் இருந்தது. எனக்குப் பிலிம் ஓரத்தைக் காட்டுகிறாள்! நான் பார்க்காத பிலிம் ஓரமா?

"பிலிம் சரி. முகம் தப்பு" என்றேன்.

"அது எப்படி ஐயா, பிலிம் சரியா இருந்தா..."

"நாற்பது வருஷம் அவளோட இருந்தவன் நான். நீயா?"

அப்போது பூங்கோதை முன்னால் வந்தாள். அவள் கத்த மாட்டாள். அவள் அம்மா மாதிரி, குரலை இறக்குவாள். அதுதான் எனக்கு ஆகாது.

"அப்பா. அம்மாவுக்கு மூக்குத்தி வலது பக்கம்தான்."

"உனக்கு என்ன தெரியும்?"

"கடைசியா கழட்டினது நான்தான்பா. ஆஸ்பத்திரில. திருகு இறுகிக் கிடந்துச்சு, சோப்புத் தண்ணி வெச்சுக் கழட்டினேன். இந்தக் கையால. அம்மா என்னைப் பாத்துக்கிட்டே இருந்தாங்க. நீங்க எங்கப்பா இருந்தீங்க?"

நான் வெளியே இருந்தேன். வராந்தாவில் இருந்தேன். அந்த வார்டு முழுக்க டியூப்லைட் சார். டியூப்லைட் வெளிச்சம் தோலுக்கு ஆகாது, பச்சை அடிக்கும். பிலிமில் போட்டால் பிணம் மாதிரி வரும். அந்த வெளிச்சத்தில் அவளைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை. அதைப் போய் ஒரு குற்றமாகச் சொல்கிறாள்.

ஹெப்சிபா அந்த நேரம் பார்த்துக் கேட்கிறாள், "ஐயா, எந்தக் கேமரால எடுத்தீங்க?" சொன்னேன். இரட்டைக் கண் கேமரா, குனிந்து பார்க்கிறது. உங்களிடம் சொன்னேனே, அதுதான். அவள் பூங்கோதையைப் பார்க்கிறாள், பூங்கோதை அவளைப் பார்க்கிறாள். இரண்டு பேரும் ஏதோ கண்டுபிடித்த மாதிரி.

"அப்பா" என்றாள். "நீங்க அம்மாவை நேரா நிமிந்து எப்ப பாத்தீங்க?"

பெற்ற மகள் கேட்கிற கேள்வியா இது? பார்க்காமலா இத்தனை படம் எடுத்தேன்? வீட்டில் பார்க்கவில்லையா, சாப்பிடும்போது பார்க்கவில்லையா? சாப்பிடும்போது இலையைத்தான் பார்ப்பார்கள், எல்லாரும் அப்படித்தான். அவள் பின்னால் நின்று பரிமாறுவாள். மற்ற நேரம் நான் வெளியூர். வந்தால் பிலிமைக் கழுவ இருட்டறை. இருட்டறையில் எங்கே மூக்குத்தி தெரியும்?

"இந்தப் படத்தையே எடுத்துப் பாத்ததில்லையா ஐயா, இத்தனை வருஷத்துல?" என்று ஹெப்சிபா கேட்டாள்.

"பார்த்தேன். கலர் பார்த்தேன். கலர் சரியா இருந்தது, போட்டு வெச்சேன்."

அவள் திரைக்குத் திரும்பிக்கொண்டாள். அப்புறம் தனக்குத்தானே பேசுகிற மாதிரி சொல்கிறாள், "அதான் லென்ஸைப் பாக்கலை. உங்க உச்சந்தலையைப் பாத்துட்டு நிக்கிறாங்க. எப்ப நிமிருவாருன்னு."

"அவ லென்ஸைத் தவறவிட்டா. அவ்வளவுதான். அது அவ வழக்கம்" என்றேன். "நீ படத்தைத் திருப்பு."

திருப்பினாள். ஒரு பட்டன்தான். அவ்வளவுதான் சார், வந்து நின்றாள். என் வடிவு. இடது மூக்கில் மூக்குத்தி. அந்த நொடியில் தெரிந்துவிட்டது எனக்கு, இதுதான் ஆள். வாசலில் வந்து நிற்பாளே, அதே ஆள். பூங்கோதை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஐயா, பின்னாடி போர்டு" என்றாள் ஹெப்சிபா. பார்த்தேன். சர்பத் கடைப் போர்டு. எழுத்தெல்லாம் திரும்பிக்கொண்டு நிற்கிறது.

"எழுத்தை மட்டும் திருப்பு" என்றேன்.

"எழுத்தை மட்டுமா?"

"முடியுமா, முடியாதா?"

"முடியும்" என்றாள். "முந்தானையும் வலது தோளுக்குப் போயிருக்கு ஐயா. சேட்டு வீட்டம்மா மாதிரி."

"தோளை வெட்டிவிடு. முகம் போதும்."

செய்தாள். உட்கார்ந்து 'சர்பத்' என்கிற எழுத்தைத் தனியாக வெட்டி, திருப்பி, ஒட்டி, ஓரத்தை மெழுகினாள். நல்ல வேலைக்காரி. பூங்கோதை அவளிடம் தாழ்ந்த குரலில், "எனக்கு முதல்ல வந்ததையே போட்டுக் குடுங்க" என்றாள். எனக்குக் காது கேட்காது என்று நினைப்பு. ஆளுக்கு ஒன்று பிரிண்ட் போட்டு, ஆளுக்கு ஒன்று பிரேம் போட்டு வாங்கிக்கொண்டு படி இறங்கினோம்.

கீழே வந்து தெருவில் நின்று சொல்கிறாள், "வெள்ளிக்கிழமை அதை மாட்டுறதா இருந்தா நான் வரலைப்பா. எங்கம்மாவுக்கு வந்து மாலை போடுவேன். அது யாரோ."

"வராதே" என்றேன்.

வேறு என்ன சொல்வது? சொல்லுங்கள், நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்? அவள் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது நான்கு நாளாகிறது. லாட்ஜில் இருந்தேன். எழும்பூரில் ஏறினதிலிருந்து போன் அடிக்கிறாள். எடுக்கவில்லை. எடுத்தால் என்ன கேட்பாள்? எதை மாட்டப் போறீங்க என்பாள். இதைத்தான் மாட்டப் போகிறேன். என் வீடு, என் சுவர், என் பெண்டாட்டி. ஒரே மகள் வரவில்லை என்றால் நான் தனியாக உட்கார்ந்து திதி கொடுத்துவிட்டுப் போகிறேன்.

என்ன யோசிக்கிறீர்கள்? நீங்களும் அவள் கட்சியா?

இல்லை, முகத்தைப் பார்த்தால் தெரிகிறது. உங்கள் வீட்டம்மாவுக்கு மூக்குத்தி எந்தப் பக்கம்? பார்த்தீர்களா, யோசிக்கிறீர்கள். சட்டென்று சொல்ல முடியவில்லை. என்னைச் சொல்ல வந்துவிட்டீர்கள்.

இருங்கள், காட்டுகிறேன். நீங்களே பாருங்கள். உங்களுக்கு அவளைத் தெரியாது, அதனால் நீங்கள்தான் சரியான ஆள். பிரேமைக் கட்டின இந்தக் கயிற்றைப் பிடியுங்கள். பேப்பரைக் கிழிக்காதீர்கள், மறுபடி சுற்ற வேண்டும். லைட் போட்டுவிட்டான், நல்லதாய்ப் போயிற்று. மணப்பாறை தாண்டிவிட்டதா? வெளியே அதற்குள் இருட்டிவிட்டது.

பிடிக்க வேண்டாம், நானே பிடிக்கிறேன். கண்ணாடியில் விரல் படும். இப்படி நெஞ்சுக்கு நேரே பிடிக்கிறேன், கேமரா பிடிக்கிற மாதிரி. நீங்கள் கொஞ்சம் பின்னால் சாய்ந்து பாருங்கள். எப்படி? போர்டில் எழுத்து நேராக இருக்கிறதா? எவனும் கண்டுபிடிக்க முடியாது. மூக்கைப் பாருங்கள். முகத்தைப் பாருங்கள். கருப்பு எப்படி நின்றிருக்கிறது பாருங்கள். இதைத்தான் யாரோ என்கிறாள்.

என்ன, என்னைப் பார்க்கிறீர்கள்? படத்தைப் பாருங்கள்.

உங்களுக்குப் பின்னாலா? என்ன பின்னால்?

ஜன்னலில் என்ன?

ஆமாம், தெரிகிறது. ஜன்னல் கண்ணாடியில் இந்தப் படம் தெரிகிறது, அதற்கென்ன? கண்ணாடி என்றால் திருப்பித்தான் காட்டும். எழுத்து திரும்பியிருக்கிறது. மூக்குத்தி அந்தப் பக்கம். அந்தப் பக்கம் போய்விட்டது, சரி. தோள் இல்லை. மழைத் தண்ணீர் வழிகிறது முகத்தில்.

அவள்தான் இது. ஹெப்சிபா வீட்டுத் திரையில் வந்த ஆள். நான் திருப்பச் சொன்ன ஆள். இங்கே வந்து நிற்கிறாள்.

இந்தப் பக்கத்துக் கண் கொஞ்சம் சின்னது. எனக்குத் தெரியாது. சிரிக்கப் போகிறாளா, கேட்கப் போகிறாளா? லென்ஸைப் பார்க்கவில்லை. மேலே பார்க்கிறாள். படத்துக்கு மேலே ஜன்னலில் என் தலைதான் தெரிகிறது. அதைத்தான் பார்க்கிறாள். அதையே பார்த்துக்கொண்டு...

தகரத்தை இறக்குங்கள் சார். ஜன்னல் தகரத்தை. கண்ணாடிக்கு மேலே இருக்கிறதே, அதுதான். சாரல் அடிக்கிறது. இறக்குங்கள் என்கிறேன், பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்.

போன். அடிக்கட்டும். பையில்தான் இருக்கிறது. நீங்கள் எடுக்க வேண்டாம். அடிக்கட்டும், அவள் நிறுத்த மாட்டாள், அவள் அம்மா மாதிரி.

இருங்கள். இருங்கள் சார், கையை எடுங்கள் தகரத்திலிருந்து. யார் உங்களை இறக்கச் சொன்னது? பார்த்துக்கொண்டிருக்கிறேன் இல்லையா.